‘சேவை’ என்னும் சொல்லின் எல்லை

இந்திய நுகர்வோர் உரிமையின் வரலாற்றைப் பலரும் 1986 டிசம்பர் 24இலிருந்து தொடங்குவர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற நாள் அது. ஆயினும் சட்டம் வந்த பிறகு ஒரே ஒரு சொல்லைச் சுற்றி நடந்த நெடிய வழக்காடலில்தான் அவ்வுரிமையின் உண்மையான அளவு தீர்மானிக்கப்பட்டது. அச்சொல் ‘சேவை’.

அதற்கு முன்பிருந்த 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பொருள்களை மட்டுமே கருதியது. அங்கும் வாங்குபவர்தாம் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதே பொதுவிதி, விலக்குகள் சில. இரயில், மின்சாரம், தொலைபேசி, காப்பீடு முதலியவற்றில் ஏமாற்றமடைந்தவருக்கு உரிமையியல் நீதிமன்றமே வழி. இவற்றில் பெரும்பகுதி அரசின் கையில் இருந்ததால், மக்கள் வாடிக்கையாளராக அன்றி விண்ணப்பதாரராகவே நடத்தப்பட்டனர். 1985இல் ஐக்கிய நாடுகள் அவை நுகர்வோர் பாதுகாப்பு நெறிமுறைகளை ஏற்றது. மறு ஆண்டே இந்தியச் சட்டம் பிறந்தது. தொடக்கத்தில் நீதிமன்றக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். எவ்வகைச் சேவையும் அடங்கும் என்ற அகன்ற வரையறைக்கு இரண்டே விலக்குகள்: இலவசச் சேவை, ‘தனிப்பட்ட பணி ஒப்பந்தம்’.

முதல் பெரிய சோதனை லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கு. சட்டத்தால் அமைந்த தாங்கள் வீட்டுவசதியைச் ‘சேவை’யாக விற்கவில்லை என்பது ஆணையத்தின் வாதம். 1993இல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. மக்களை அலைக்கழித்ததற்கான இழப்பீட்டைப் பொறுப்பான அலுவலரிடமிருந்தே மீட்கலாம் என்றும் கூறியது. நிறுவனத்தின் முகமூடிக்குப் பின் தனி அலுவலர் ஒளிய இயலாது என்ற இக்கூற்று, வீட்டுவசதி பற்றிய பகுதியைவிடத் தொலைநோக்குடையது.

மருத்துவர்கள் தொடர்பான வழக்கு நுண்மையானது. நோய்நாடலும் சிகிச்சையும் இவ்வரையறையில் வாரா என்று 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1995 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. திருப்பம் இரு ஆங்கில முன்னிடைச்சொற்களில் அமைந்தது: ‘ஆஃப்’, ‘ஃபார்’. முதலாவது எசமானரின் கட்டளைக்குட்பட்ட ஊழியரின் உறவு. இரண்டாவது தம் திறனைக் கொண்டு சுதந்திரமாகச் செயல்படுபவரின் உறவு. சட்டம் விலக்கியது முன்னதை மட்டுமே, மருத்துவரோ பின்னவர். தமிழில் ‘பணி ஒப்பந்தம்’ என்று தொகையாகச் சொன்னால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். பணியின் ஒப்பந்தமா, பணிக்கான ஒப்பந்தமா என உருபை விரித்தால்தான் வழக்கின் முடிச்சு தென்படும்.

அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை சட்டத்துக்கு வெளியே நின்றது. சிலரிடம் கட்டணமும் சிலருக்கு இலவசமும் என இயங்கும் இடத்திலோ, பணம் செலுத்தாத ஏழை நோயாளியும் நுகர்வோரே எனத் தீர்ப்பாயிற்று. ‘நுகர்தல்’ என்ற தமிழ் வினைக்குத் துய்த்தல், பட்டறிதல் என்றே பொருள். பணம் கொடுத்தல் அதில் இல்லை. இத்தீர்ப்புக்கு அச்சொல் எதிர்பாராத பொருத்தம் உடையது.

தொலைபேசிச் சந்தாதாரர்களின் நிலை அலைபாய்ந்தது. தந்திச் சட்டத்தில் தனி நடுவர் ஏற்பாடு உண்டு எனக் காட்டி, 2009இல் உச்ச நீதிமன்றம் கட்டணத் தகராறுகளை நுகர்வோர் மன்றங்களுக்கு வெளியே நிறுத்தியது. 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் தொலைத்தொடர்பைப் பெயர் சொல்லியே சேர்த்தது. பழைய சட்டத்திலும் அது அடங்கியதே என்று 2022இல் மற்றோர் அமர்வு தெளிவுபடுத்தியது.

வழக்கறிஞர்களின் முறை 2024 மே மாதத்தில் வந்தது. அவர்களும் வரையறையில் அடங்குவர் எனத் தேசிய ஆணையம் 2007இல் கூறியதை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கட்சிக்காரர் தம் வழக்கறிஞர்மீது நேரடிக் கட்டுப்பாடு செலுத்துகிறார். ஆகவே இது ‘ஆஃப்’ வகை ஒப்பந்தமே என்பது காரணம். வழக்குக்கட்டைத் திரும்பப் பெறவே பலமுறை நடக்கும் கட்சிக்காரருக்கு இக்கட்டுப்பாடு புதுச்செய்தியாக இருக்கும். 1995ஆம் ஆண்டின் மருத்துவத் தீர்ப்பையும் மறுஆய்வு செய்ய வேண்டும் என அவ்வமர்வு கருதியது. அதற்குத் தேவையில்லை என்று மூவர் அமர்வு அவ்வாண்டு நவம்பரிலேயே முடித்துவைத்தது.