குவியேயின் உருவப்படமும் மட்டக்களப்பு வாவியும்: அறிவுற்பத்தி பற்றிய ஒரு குறிப்பு

பிரெஞ்சு இயற்கையியலறிஞர் ஜோர்ஜ் குவியேயின் (1769–1832) உருவத்தை ஆங்கில ஓவியர் பிக்கர்ஸ்கில் 1831இல் தீட்டினார். ஜோர்ஜ் டூ 1840இல் அதனைச் செதுக்குப்படமாக்கினார். விருதுச் சின்னங்கள் விளங்க, உயர்பதவிக் கோலத்தில் தோன்றும் அவ்வுருவம், 1819இல் பிரபுப் பட்டமும் 1831இல் பிரெஞ்சு மேலவை உறுப்புரிமையும் பெற்ற ஒருவருக்குரியது. உருவப்படமொன்றை ஓவியவிதிகளைக் கொண்டு மாத்திரம் மதிப்பிடுதல் போதாது. அது யாரை முன்னிறுத்துகின்றது என்பதோடு, யாரை விலக்குகின்றது என்பதும் ஆராயப்படல் வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று நோக்குமிடத்து இவ்வினா கூர்மை பெறுகின்றது.

குவியேயின் புகழுக்கு அடிகோலிய ஆய்வுகளுள் ஒன்று, யானையினங்கள் பற்றி 1796இல் அவர் வாசித்த கட்டுரையாகும். இலங்கை யானையினதும் நன்னம்பிக்கை முனை யானையினதும் மண்டையோடுகளை ஒப்பிட்டு, இவை வெவ்வேறினங்கள் என்றும், புதைபடிவ மம்மத் இவ்விரண்டினின்றும் வேறான, அழிந்துபட்ட இனம் என்றும் அவர் நிறுவினார். அம்மண்டையோடுகள் ஒல்லாந்து ஆட்சித்தலைவரின் சேகரிப்பிலிருந்தவை. 1795இல் பிரெஞ்சுப் படை கைப்பற்றிப் பாரிசுக்குக் கொண்டுசென்றவை. ஒல்லாந்த வணிகக் கம்பனிக்கு இலங்கை யானை ஓர் ஏற்றுமதிப் பண்டம். அதனைக் காட்டில் வளைத்துப் பிடித்தோரின் உழைப்பும், அதனைப் பண்டமாக்கிய வணிகமும், பின்னர் நிகழ்ந்த போரும் இல்லாமல் அவ்வொப்பீடு சாத்தியமாயிராது.

மீன்களைப் பொறுத்தவரையிலும் நிலைமை இதுவே. குவியே வலன்சியேனுடன் தொடங்கிய மீன்களின் இயற்கை வரலாறு 1828 முதல் 1849 வரை 22 தொகுதிகளாக வெளிவந்தது. குவியே நம் கடற்கரைகளைக் கண்டவரல்லர். 1816 முதல் 1822 வரை இப்பகுதிகளில் பணியாற்றிய லெஷெனோ புதுச்சேரியிலிருந்து மீன்களை அனுப்பினார். அங்கு வழங்கிய உள்ளூர்ப் பெயர்கள் சிலவும் அந்நூலில் இடம்பெற்றன. நம் வாவியிலும் வாழும் கொடுவா அடங்கும் பேரினத்துக்குக் குவியே லேட்ஸ் எனப் பெயரிட்டார். நைல் நதி மீனொன்றைக் குறித்த பண்டைக் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பெறப்பட்டது. கிரேக்க ஏட்டில் ஏறிய பெயர் விஞ்ஞானப் பெயராயிற்று. வலைஞர் வாய்ப்பெயரோ தகவற்குறிப்பாகவே நின்றது.

இதே உறவு வாவியிலேயே நிகழ்ந்தமைக்குச் சான்று உண்டு. 1848 செப்டெம்பரில் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ற், மட்டக்களப்பு வாவியின் இசையொலியைக் கேட்க நிலவிரவில் மீனவருடன் தோணியிற் சென்றார். அவ்வாண்டு ஜூலையிலேதான் புதிய வரிகளுக்கெதிரான மாத்தளைக் கிளர்ச்சி மூண்டு, படைச்சட்டத்தினால் ஒடுக்கப்பட்டிருந்தது. அவ்வரசின் உயரதிகாரி அன்று மீனவரின் மாணவராயிருந்தார் எனலாம். ஒலிக்குமிடத்தைக் காட்டியோர் அவர்களே. வறட்சிக்காலத்தில் மாத்திரம் அது கேட்கும் என்றும், மழைவெள்ளம் பெருகினால் நின்றுவிடும் என்றும் உரைத்தோரும் அவர்களே. பிறர் மீன் பாடுவதாகக் கூற, அவர்கள் ஊரியைச் சுட்டினர். 'கத்தும் ஊரி' என்ற பொருள்படும் தமிழ்ப்பெயரையும் வழங்கினர். டெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் அப்பெயர் உருச்சிதைந்து பதிவாயிற்று. அவர்கள் கொணர்ந்த ஊரிகளுள் ஒன்று செரித்தியம் எனக் குறிக்கப்பட்டது. அது பிரெஞ்சு இயற்கையியலாளர் புருகியேர் 1789இல் அமைத்த பேரினப் பெயர். பாரிஸில் இடப்பட்ட பெயர் வாவிக்கு வந்து சேர்ந்தது; வாவியைக் கற்பித்த மீனவரின் பெயரெதுவும் ஏடேறவில்லை.

இதனால் குவியேயின் சாதனை பொய்யென்றாகாது. இனங்கள் அழிந்துபடும் என்ற உண்மையும் ஒப்பீட்டு உடற்கூற்றியலும் மனிதகுலத்தின் பொதுச்சொத்துக்கள். பொதுச்சொத்தைத் தனியொருவரின் மேதைமையாகக் காட்டும் வர்க்கப்பார்வையே மறுக்கப்படவேண்டியது. பருவத்தையும் நீரையும் உயிரையும் இணைத்தறிந்த மீனவர் கூற்று வெறும் நாட்டார் நம்பிக்கையன்று. உழைப்பினூடாகச் சோதிக்கப்பட்ட அவதானம்.

இறந்த மீனவருக்கு இனி உருவப்படம் தீட்டுதல் இயலாது. ஆயின், வாவிக்கரையின் தமிழ், முஸ்லிம் கடற்றொழிலாளரிடையே வழங்கும் மீன், நண்டு, ஊரி, வலை, நீரோட்டம் பற்றிய சொற்களை, சொன்னவர் விரும்பின் அவர் பெயருடனேயே, தொகுத்தல் இயலும். மொழியாய்வாளர் இப்பணியைப் பிற்போடுவாராயின், பிக்கர்ஸ்கில்லின் சட்டகத்துக்கு வெளியே நின்றோரை நாமும் ஒருமுறை வெளியே நிறுத்தியவராவோம்.