தன்னிடம் வந்தவரை அனுப்பிவைத்தவர்



பட்டு எடுக்கப் பெரிய காஞ்சிபுரம் போகிறவர்கள் சாலைத் தெருவில் சங்கர மடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1994-இல் தமது நூறாவது வயதில் மறைந்த சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகளின் சமாதி அங்கேதான் இருக்கிறது. அவர் இளம் வயதில் செய்த ஒரு காரியத்தை இன்று நினைத்துப் பார்ப்போம்.

1931-ஆம் ஆண்டின் தொடக்கம். மடத்தின் தலைமையிடம் அப்போது கும்பகோணம்; சுவாமிகள் செங்கற்பட்டில் தங்கியிருந்தார். எழுத்தாளர் கே.எஸ். வேங்கடரமணி, பால் பிரண்டன் என்ற இலண்டன் பத்திரிகையாளரை அவரிடம் அழைத்து வந்தார். உண்மையைக் காட்ட ஒரு குரு வேண்டும் என்று ஊர் ஊராக அலைந்தவர் பிரண்டன். பேச்சின் முடிவில், நீங்களே எனக்கு வழிகாட்டக் கூடாதா என்று கேட்டுவிட்டார்.

சுவாமிகளுக்கு வயது 36. கடல் கடந்து வந்த ஒருவர் சீடராகக் கேட்கிறார். எங்களைப் போன்ற பிரசங்கிகளாக இருந்தால், மறுவாரமே அதை மேடையில் சொல்லியிருப்போம்! அவரோ மறுத்தார். தாம் பொது நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் இருப்பவர், தம் நேரம் தம்முடையதல்ல என்றார். திருவண்ணாமலை ரமணரிடம் போகச் சொன்னார். தென்னாட்டை விட்டுப் புறப்படுமுன் அவரைக் காண்பதாக வாக்கும் வாங்கிக்கொண்டார்.

ரமணருக்கு மடமும் இல்லை, பட்டமும் இல்லை. முறைப்படி துறவு வாங்கியவரும் அல்லர். கோவணத்தோடு, பெரும்பாலும் பேசாமல் அமர்ந்திருந்தவர். அவரிடம்தான் மடாதிபதி ஆளை அனுப்பினார்.

யோவான் நற்செய்தியின் முதல் பிரிவு நினைவுக்கு வருகிறது. திருமுழுக்கு யோவான் தம் சீடர் இருவருக்கு இயேசுவைச் சுட்டிக்காட்டுகிறார். அவர்கள் அவர் பின்னால் போய்விடுகிறார்கள். யோவான் அவர்களைத் திரும்ப அழைத்ததாக நற்செய்தியில் இல்லை. சமயங்கள் எல்லாம் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மௌனம் எங்கே இருந்தாலும் அதை அடையாளம் காண நமக்குத் தெரிய வேண்டும்.

நம் திருச்சபையில் அதை அடையாளம் கண்ட இருவர் உண்டு. குளித்தலைப் பங்கில் ஏழையாய் வாழ்ந்த பிரெஞ்சுக் குரு மொன்ஷானினும், ஆசீர்வாதப்பர் சபைத் துறவி லெ சோவும் 1949 சனவரியில் ரமணரைக் காணச் சென்றார்கள். மறுவருடம் மார்ச் 21-இல், காவிரிக் கரையில் தண்ணீர்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். மௌனமும் செபமுமே அங்கே வேலை.

எத்தனை பேர் சேர்ந்தார்கள்? நிலைத்து நின்றவர் ஏறக்குறைய யாருமில்லை. மொன்ஷானின் நோயுற்று, 1957 அக்டோபரில் பாரிஸில் இறந்தார். லெ சோ, ஆசிரமத்தை 1968-இல் கேரளத்திலிருந்து வந்த பீட் கிரிபித்ஸ் அடிகளாரிடம் ஒப்படைத்துவிட்டு இமயமலைப் பக்கம் போனார். 1973-இல் இந்தூரில் இறந்தார்.

சாந்திவனத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியது, அதைக் கட்டிய இருவரும் அங்கே இல்லாத அந்த ஆண்டுகளில்தான்.