படித்த தாயும் எட்டும் மருத்துவமும்: ஊரிலும் நகரத்திலும் கல்வி குடும்ப நலமாகும் வழிகள்

சிக்கல்

தாய் படித்தவளாக இருந்தால் பிள்ளை பிழைக்கும் வாய்ப்புக் கூடும் என்பது மக்கள்தொகை ஆய்வில் நிலைபெற்றுவிட்ட கருத்து. மேலோட்டமாகப் பார்த்தால் தமிழ்நாட்டின் எண்களும் அதையே சொல்கின்றன. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), இம்மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 56.6 விழுக்காட்டினர் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ பள்ளியில் படித்தவர்கள். இந்திய அளவில் இது 41 விழுக்காடு. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவை இங்கே 18.6, நாடு முழுவதற்கும் 35.2. ஆனால் அதே ஆய்வு, அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகையுடன் இருப்பதாகவும் காட்டுகிறது. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்ட ஒரு மாநிலத்தில், பாதிக்கு மேற்பட்ட பெண்களின் இரத்தம் ஏன் இன்னும் வெளிறிக் கிடக்கிறது?

பள்ளிப் படிப்பு தன்னால் குடும்ப நலமாக மாறிவிடுவதில்லை. படித்தவள் கேட்பதைக் கொடுக்கும் மருத்துவ அமைப்பு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்குள் அவள் சொல் எடுபட வேண்டும். இவ்விரண்டும் ஊரிலும் நகரத்திலும் ஒரே மாதிரி அமைவதில்லை. ஆகவே ஒரே படிப்பு இரண்டிடத்திலும் ஒரே பலனைத் தருவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நைஜீரியச் சான்றும் அதற்கு எழுந்த மறுப்பும்

இத்துறையில் அடிக்கல் நாட்டியவர் ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல். நைஜீரியத் தரவுகளைக் கொண்டு 1979இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தாயின் கல்வியைத் தந்தையின் தொழிலும் வருமானமும் காட்டும் நிழலாக மட்டும் கருத முடியாது என்று நிறுவியது. படித்த பெண் மாமியாரின் முடிவுக்குக் காத்திராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறாள். மருத்துவரிடம் கூசாமல் பேசுகிறாள். குடும்பத்தின் உணவிலும் பணத்திலும் பிள்ளைக்குரிய பங்கைப் பெற்றுத் தருகிறாள். கிருமிகளைப் பற்றிய அறிவைவிடக் குடும்பத்துக்குள் நிகழும் இந்த அதிகார மாற்றமே பெரிது என்பது அவர் முடிவு.

அவரும் ஆய்வாளர் ஒருபுலோயேயும் இணைந்து நைஜீரியாவில் இரண்டு ஊர்களை ஒப்பிட்டனர். ஒன்றில் மருத்துவ வசதி உண்டு, மற்றதில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு மருத்துவ வசதி மட்டும் கிடைத்தபோது பிள்ளைகளின் எதிர்பார்ப்பு ஆயுள் 20 விழுக்காடு கூடியது. வசதியில்லாத ஊரில் தாய் படித்திருந்தபோது 33 விழுக்காடு கூடியது. இரண்டும் சேர்ந்தபோது உயர்வு 87 விழுக்காடு. தனித்தனிப் பலன்களைக் கூட்டினால் 53தான் வரும். கல்வியும் மருத்துவமும் ஒன்றையொன்று பெருக்குகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. சோனால்டே தேசாயும் சௌமியா ஆல்வாவும் 22 நாடுகளின் தரவுகளைக் கொண்டு 1998இல் வெளியிட்ட ஆய்வில், கணவரின் கல்வி, குழாய்த் தண்ணீர், கழிப்பறை, வாழும் பகுதி ஆகியவற்றைக் கணக்கில் கொண்டதும் குழந்தை இறப்பின்மீதும் உயர வளர்ச்சியின்மீதும் தாயின் கல்விக்கு இருந்ததாகத் தோன்றிய செல்வாக்கு வெகுவாகக் குறைந்தது. தடுப்பூசியில் மட்டும் அது உறுதியாக நின்றது. தடுப்பூசி போட்டுக்கொள்வது தாய் எடுத்துச் செய்யக்கூடிய காரியம். குழாயில் நல்ல தண்ணீர் வருவது அவள் கையில் இல்லை. இந்த மறுப்பு கால்டுவெல்லின் வாதத்தை வீழ்த்தவில்லை. அதன் எல்லையை வரைந்து காட்டுகிறது.

ஊர்: தேடி வந்த செவிலியர்

தமிழ்நாட்டுக் கிராமங்கள் அந்தப் பெருக்கல் நிகழ்ந்த களம். ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம், முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற ஏற்பாட்டில், கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணியின் வீட்டு வாசலுக்கே வந்தார். 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துணவு கொடுத்தார்கள்.

இங்கே எடை அட்டையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். குறுக்கே வயது மாதங்களில். நெடுக்கே எடை கிலோவில். ஒவ்வொரு மாதமும் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. குழந்தையின் எடை இரண்டு மாதமாக எட்டு கிலோவிலேயே நின்றால், குறையவில்லையே என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். ஆனால் அட்டையில் கோடு படுத்துவிட்டது. மற்றக் குழந்தைகளின் கோடு ஏறும்போது இது படுத்திருப்பதே ஆபத்தின் முதல் அறிகுறி. குழந்தை மெலிவது கண்ணுக்குத் தெரிவதற்கு வாரக்கணக்கில் முன்பே அட்டை இதைச் சொல்லிவிடுகிறது. அதைப் படிக்கப் பட்டம் வேண்டாம். எண்ணும் எழுத்தும் தெரிந்து, அட்டையைக் காட்டி விளக்க ஓர் ஊழியரும் இருந்தால் போதும்.

எழுத்தறிவு பள்ளிக்கு வெளியிலும் இந்த வேலையைச் செய்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம், கல்குவாரித் தொழிலாளர் உட்பட ஆயிரக்கணக்கான பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண் மருத்துவமனைக்குப் போகக் கணவனையோ பேருந்தையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. கால்டுவெல் சொன்ன அதிகார மாற்றம் இங்கே இரண்டு சக்கரங்களில் உருண்டது.

நகரம்: அருகில் இருந்தும் எட்டாதவை

நகரத்தில் மருத்துவமனைகள் அதிகம். அதனால் நகரவாசிக்கு நலம் எளிது என்று கருதுகிறோம். நகர்ப்புற ஏழைகளுக்கு இது பொருந்தவில்லை. கிராமத்துக்கு அமைந்த அடுக்கு முறை நகரத்துக்கு நெடுங்காலம் அமையவில்லை. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்ற திட்டம் 2013இல் தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தோடுதான் நாடு தழுவி வந்தது. சென்னையின் நடுப்பகுதியிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களுக்கு, பழகிய வேலையிடம், பள்ளி, அரசு மருத்துவமனை மூன்றும் ஒரே நாளில் தூரமாகிவிட்டன.

நோயின் முகமும் மாறியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு, 2011இல் தமிழ்நாட்டு நகரங்களில் வயதுவந்தோரில் 13.7 விழுக்காட்டினருக்கும் ஊர்ப்புறங்களில் 7.8 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2017இல் வெளியான அதன் அடுத்த அறிக்கை மேலும் முக்கியமானது: தமிழ்நாடு போன்ற வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில், வசதி குறைந்தோரிடையே நீரிழிவு கூடுதலாக இருந்தது. ஊர்ப்புறத்தில் அது இன்னும் வசதியுள்ளோரின் நோயாகவே இருந்தது. படித்த, வசதியான நகரக் குடும்பம் நோயிலிருந்து விலகத் தொடங்கிய இடத்தில் ஏழைக் குடும்பம் மாட்டிக்கொண்டது.

படிப்பு தீர்க்காதவை

மூன்று செய்திகள் கல்வியின் எல்லையைக் காட்டுகின்றன. ஒன்று, இரத்தசோகை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைப் பெண் சாப்பிடும் வழக்கம் பாடப்புத்தகத்தால் மட்டும் மாறாது. இரண்டு, அறுவை சிகிச்சைப் பேறு. மேற்சொன்ன குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை சிகிச்சையால் நடந்தன. தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. கேள்வி கேட்கப் படித்தவளும் பிரசவ அறையில் கேள்வி கேட்க முடிவதில்லை. மூன்று, உடற்பருமன். அதே ஆய்வில் 40.4 விழுக்காடு பெண்கள் அளவுக்கு மீறிய எடையுடன் இருந்தார்கள்.

இலங்கையின் அனுபவமும் இதற்குத் துணை நிற்கிறது. 1945 முதல் இலவசக் கல்வியும் கிராமம்தோறும் குடும்ப நலப் பணியாளர்களும் கொண்ட அந்நாடு, குறைந்த வருமானத்திலேயே இறப்பைக் குறைத்த நாடாகப் புகழ்பெற்றது. ஆனால் அங்கே புள்ளிவிவரங்களை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பள்ளியும் மருத்துவமும் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பிடியில் இருந்ததால், தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடப் பின்தங்கின. ஊர்–நகரம் என்ற இரட்டைப் பகுப்புக்குள் அடங்காத இந்த மூன்றாவது பிரிவு, இடத்தைவிட அங்கே அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது எனக் காட்டுகிறது.

முடிவு

பெண்கள் பள்ளியில் நீடிக்க அரசு செய்தவை வீண்போகவில்லை. மணமகளின் படிப்பை நிபந்தனையாக வைத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், 2022இல் உயர்கல்விக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது சரியான திசை. அதற்கு அடுத்த அடி மூன்று. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் எடை அட்டை, இரத்தப் பரிசோதனைச் சீட்டு, மருந்து உறை ஆகியவற்றைப் படிக்கும் பயிற்சி பாடமாக வேண்டும். அது ஆண் பிள்ளைகளுக்கும் வேண்டும். குடும்ப நலத்தின் முழுச் சுமையையும் தாயின் தலையில் வைத்த ஆய்வுகளும் திட்டங்களும் தந்தையரை எளிதில் தப்பவிட்டுவிட்டன. கிராமத்துக்குக் கிடைத்த வாசல் தேடி வரும் செவிலியர், நகரத்தின் மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கும் வர வேண்டும். படிப்பை ஆண்டுக் கணக்கில் மட்டும் எண்ணாமல், படித்த பெண்ணின் சொல் வீட்டிலும் மருத்துவமனையிலும் எடுபடுகிறதா என்பதை ஆய்வாளர்கள் அளக்க வேண்டும். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதோடு சமூகத்தின் கடமை முடிவதில்லை. படித்து வந்தவள் கேட்பதைக் கொடுப்பதும் அக்கடமையின் பாதி.