பாம்பன் தீவின் கடற்கரைகள்

பாம்பன் தீவு இராமநாதபுரம் மாவட்டத்தில், பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே கிடக்கும் மணல் தீவு. பாம்பனில் தொடங்கி அரிச்சல்முனை வரை சுமார் 30 கி.மீ. நீளமுடையது. இராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், அழிந்துபோன தனுஷ்கோடி ஆகியவை இதில் அடங்கும். கடலே இல்லாத விருதுநகர் மாவட்டத்தாருக்கு, அதிலும் சாத்தூர், சிவகாசி, அச்சங்குளம் போன்ற பட்டாசுத் தொழில் ஊர்க்காரர்களுக்கு, கோயிலும் கடலும் ஒரே பயணத்தில் கிடைக்கும் இடம் இது. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களிலும் மே மாதப் பள்ளி விடுமுறையிலும் குடும்பமாக வேன் பிடித்து வருகிறார்கள். இவ்விரு பருவங்களிலும் தீவின் கடல் ஒன்றுபோல் இருப்பதில்லை. எந்தக் கரையில் இறங்கலாம் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது.

இரு கடல்களும் காற்றும்

தீவின் வடபுறம் பாக் விரிகுடா, தென்புறம் மன்னார் வளைகுடா. பாம்பன் மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்பர். தனுஷ்கோடிப் பக்கம் பெண் கடல், ஆண் கடல் என்ற பெயர்களும் வழங்குகின்றன. அரிச்சல்முனையில் வங்காள விரிகுடாவும் இந்தியப் பெருங்கடலும் கூடுவதாகச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். அங்கே சேர்பவை பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவுமே. வடகடல் ஆழமற்றது. பெரும்பகுதி 13 மீட்டருக்குள்தான். தென்கடல் கரையை விட்டுச் சற்று விலகியதும் ஆழ்ந்துவிடும்.

மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசுகிறது. அப்போது தென்கடல் கொந்தளிக்கும். தீவின் நிலமே தடுப்பாக நிற்பதால் வடகரையில் அலை தணிந்திருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று எழும்பும்போது நிலைமை தலைகீழாகி, வடகடல் கலங்கிச் சேறாகும், தென்கடல் தெளியும். தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் பாம்பன் கால்வாயின் நீரோட்டமும் பருவத்தோடு திசை மாறுகிறது. மீனவர்கள் தலைமுறைகளாகத் தம் தொழிலை இதற்கேற்பக் கரை மாற்றி நடத்திவருகிறார்கள். விடுமுறைக்கு வருபவர் பின்பற்ற வேண்டிய நல்ல கணக்கு இதுவே. மே விடுமுறைக்கு வடகரை, தீபாவளிக்குப் பின் வந்தால் தென்கரை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் இரண்டுமே வேண்டாம்.

வரலாறு

இத்தீவின் கரைகளைப் பற்றிய பழைய குறிப்புகளில் சிறப்பானது இலங்கையின் சூளவம்சத்தில் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவின் தளபதி இலங்காபுரன் பாண்டிய நாட்டின்மேல் படையெடுத்து வந்து, இராமேஸ்வரத்தைக் கைப்பற்றியபின் தீவிலுள்ள குந்துகாலில் ஒரு கோட்டை கட்டி, அதற்கு மன்னன் பெயரையே வைத்ததாக அந்நூல் கூறுகிறது. இரு கடல்களுக்கும் நடுவே அமைந்த இடம் என்று அது குந்துகாலை வருணிப்பது கவனிக்கத்தக்கது. படகு ஒதுங்க ஏற்ற கரை என்பது அக்காலத்திலேயே தெரிந்திருந்தது. இதே குந்துகாலில்தான் 1897 ஜனவரி 26 அன்று, மேலை நாடுகளிலிருந்து இலங்கை வழியே திரும்பிய விவேகானந்தர் கரையிறங்கினார். அவரை வரவேற்றவர் சேதுபதி மன்னர் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் நினைவு மண்டபம் இன்று அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது.

தீவு ஒருகாலத்தில் பெருநிலத்தோடு ஒட்டியிருந்தது. 1480இல் வீசிய புயல் அதைப் பிரித்தது என்று கோயில் பதிவுகள் சொல்கின்றன. அதன்பின் யாத்திரிகர்கள் படகில்தான் வந்தனர். சேதுவில் நீராடுவதே இத்தீவின் மிகப் பழைய கடல் வழக்கம். காசி யாத்திரை தனுஷ்கோடி நீராடலோடுதான் நிறைவுபெறும் என்பது நம்பிக்கை. சேதுவைக் காப்பவர் என்ற பொருளிலேயே இராமநாதபுரம் மன்னர்கள் சேதுபதி எனப்பட்டனர். முத்தும் சங்கும் குளிக்கும் தொழிலும் இக்கடலுக்கு உரியது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1887இல் இராமேஸ்வரத்தையும் அண்டைத் தீவுகளையும் சேர்ந்த கடலுயிர்களைப் பற்றி எழுதினார். ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம், 1971இல் கொச்சிக்கு மாறும் வரை எதிர்க்கரையிலுள்ள மண்டபம் முகாமில் இயங்கியது. இக்கடலின் பவளப்பாறைகள் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பங்கு அங்கிருந்து வந்ததே.

1902இல் மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் வந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓட, போட் மெயில் பயணிகள் ரயிலிலிருந்து இறங்கிக் கப்பலேறி இலங்கை போனார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டது. வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் அடித்துச் சென்றது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. இடிந்த தேவாலயத்தின் சுவர்முன் நின்று படமெடுப்போர், அது பலர் மாண்ட இடம் என்பதை மறக்கலாகாது.

கரைகள்

அக்னி தீர்த்தம் இராமேஸ்வரம் கோயிலுக்குக் கிழக்கே உள்ளது. முழங்கால் அளவில் நெடுந்தூரம் செல்லும் கரை, முதியோருக்கும் ஏற்றது. ஆடி, தை அமாவாசைகளில் கூட்டம் நிறைந்து கடல் நீர் கலங்கியிருக்கும். நீரில் விளையாட மட்டும் வருவோர் அந்நாட்களைத் தவிர்ப்பது நல்லது. நகருக்கு வடகிழக்கே சங்குமால், ஓலைக்குடா கரைகளில் பவளப்பாறை கரைக்கு அருகிலேயே இருப்பதால் முகமூடி மாட்டி நீருக்குள் பார்க்க ஏற்றவை. விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு இந்தப் பாறைகளே பிழைப்பு. அதனால் பாறைமேல் கால் வைக்கக் கூடாது. செத்த பவளத் துண்டை நினைவுப் பொருளாக எடுத்துச் செல்வதும் குற்றமே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் பவளங்கள் உள்ளன. சேற்று அடியில் திருக்கை பதுங்கியிருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் அது விலகிப் போகும். சொறி மீன் மிதக்கும் நாளில் நீரில் இறங்காதிருப்பதே சரி.

தீவுக்கு வெளியே, மண்டபத்துக்கு மேற்கிலுள்ள அரியமான் சவுக்குத் தோப்பு நிழலோடு கூடிய அமைதியான வடகடல் கரை. குழந்தைகளோடு வருவோருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இப்பகுதியில் இல்லை. இன்னும் மேற்கே பிரப்பன்வலசையில் துடுப்புப் படகும் நின்றபடி ஓட்டும் பலகையும் கற்றுத்தருகிறார்கள்.

அரிச்சல்முனை பார்ப்பதற்கு மட்டுமே உரியது. இரு கடல்களின் ஓட்டமும் முட்டுவதால் அங்கே அடிமணல் நிலைத்திருப்பதில்லை. நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும் என்பதால் குளிக்கத் தடை உள்ளது. தடைப் பலகையைத் தாண்டிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவோரைக் கடலோரக் காவலர்கள் திரும்ப அழைக்க வேண்டியிருப்பது வேதனை.

இன்றைய நிலை

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அவற்றுள் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குச் செல்லலாம். காற்று பலத்தால் படகு நிற்கும். அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை 2017இல் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் தனுஷ்கோடி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைக்கு ரயில் பாதை உண்டு. அங்கே இராமேஸ்வரம் வண்டிக்கு மாறலாம்.