மணலில் எழுத்து, லட்டில் கணக்கு

புதுக்கோட்டை தொண்டைமான் சமஸ்தானமாக இருந்த காலத்தில், ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றால் வாத்தியார் வீட்டுத் திண்ணைதான். விஜயதசமியன்று கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பரப்பிய மணலில் பிள்ளையின் விரலைப் பிடித்து வாத்தியார் எழுத வைப்பார். கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். அடுத்து ஆத்திசூடி, கொன்றைவேந்தன், கணக்கு வாய்பாடான எண்சுவடி. வாத்தியாருக்குத் துணையான மூத்த மாணவன், சட்டாம்பிள்ளை, சொல்லச் சொல்ல மற்றவர்கள் சேர்ந்து கத்துவார்கள். பொருள் புரிந்ததா என்று கேட்பாரில்லை. பிசகினால் பிரம்பு.

குருட்டு மனப்பாடம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் பக்கத்துத் தஞ்சைச் சீமையில் தாம் படித்த திண்ணையைப் பற்றி உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்போது, ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று பெயர் சொல்லி அனுப்புவாராம் வாத்தியார். மறுநாள் வந்து மறக்காமல் சொல்ல வேண்டும். நினைவாற்றலுக்கு இதைவிடச் செலவில்லாத பயிற்சி ஏது?

மணல் எழுத்து கடல் தாண்டியும் போனது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797-ல் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் சட்டாம்பிள்ளைக்குச் சீமையில் கிடைத்த மரியாதை!

இங்கே புதுக்கோட்டையில், திருமயம் பக்கத்து ராயவரத்தில் 1922-ல் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பா, திண்ணையின் பாதி முறையை வைத்துக்கொண்டு மீதியை மாற்றினார். அதே ஊர்க்காரரான வை.கோவிந்தனின் 'சக்தி' பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, பிறகு இந்தியன் வங்கிக்குப் போனவர். 1944-ல் 23 பாடல்களோடு அவருடைய குழந்தைப் பாடல் தொகுப்பு 'மலரும் உள்ளம்' வந்தது. எதுகையும் சந்தமும் பழையபடியே இருந்தன. பொருள் மட்டும் பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டது: மாம்பழம், தோசை, லட்டு.

தட்டு நிறைய லட்டு வைத்து அவர் கட்டிய பாட்டையே பாருங்கள். அடிக்கு அடி 'ட்டு' என்று முடிகிறது. நாக்கு தட்டிக்கொண்டே போகும்போது, எட்டில் பாதி எவ்வளவு என்ற கணக்கும் உள்ளே போய்விடுகிறது. எண்சுவடி செய்த வேலைதான்; பிரம்பு மட்டும் இல்லை.

1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக அவர்தான் முன்நின்றார். 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் சின்னஞ்சிறு பிள்ளைகளைக் கிராமத்து மையங்களுக்கு வரவழைத்தபோது, சோற்றுக்கு முன்னும் பின்னும் பாட அவருடைய பாட்டுகள் ஆயத்தமாக இருந்தன. காதால் கேட்டு வாயால் பரவியதால், அவற்றை நாட்டுப்பாட்டு என்றே நினைப்பவர்களும் உண்டு. எழுதியவர் ராயவரத்துக்காரர் என்பதைப் புதுக்கோட்டையிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.