அகரநிரலும் கணிப்பொறிச் சுட்டும்

நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தன. அகரநிரலுக்கு வழிகண்டவர் சிதம்பர இரேவண சித்தர். 1594-இல் அவர் யாத்த அகராதி நிகண்டின் நிரல் முதலெழுத்தளவில் நின்றுவிட்டது. ககரத்தில் ஒரு சொல்லைத் தேடுவார் ககரப் பகுதி முழுவதும் புரட்டல் வேண்டும். பின்னெழுத்துக்களையும் நிரலுள் அடக்கியது வீரமாமுனிவரின் சதுரகராதி (1732).

தரவுத்தளச் சுட்டின் இயல்பும் இதுவே. வேண்டும் நிரலில் சுட்டு முன்னரே அமைந்திருப்பின் கணிப்பொறி அதனை வழியே படித்துச் செல்லும். முதற்பத்தி மட்டும் சுட்டப்பெற்றிருப்பின், இரண்டாம் பத்திக்கு மீண்டும் அடுக்கும் உழைப்பு நேரும். 1972-இல் பேயர், மக்கிரைட் என்போர் வெளியிட்ட பி-மரமே இச்சுட்டுக்களுக்குப் பெரிதும் அடிப்படை.

தமிழுக்கு இதில் தனியோர் இடர் உண்டு. யூனிகோடு எண்வைப்பில் னகரம் நகரத்தை அடுத்துப் பகரத்துக்கு முன் நிற்கிறது. ளகரம் ழகரத்தை முந்துகிறது. (ஜகரம் சகர ஞகரங்களுக்கு இடையே புகுந்தது வேறு கதை.) எனவே எண்முறையிற் கட்டிய சுட்டு 'மனம்' என்பதனை 'மரம்' என்பதற்கு முன் வைக்கும். நெடுங்கணக்கு முறையில் வரிசை கேட்பார்க்கு அச்சுட்டு உதவாது. பொறி சொற்கள் அனைத்தையும் திரட்டி ஒவ்வொரு முறையும் புதிதாக அடுக்கும். சொல்லடைவு தொகுக்கும் நம் துறைகள் இதனைப் பொறியாளர் பொறுப்பென விடுதல் தகாது என்பது எம் துணிபு. சுட்டினை ஆக்கும்பொழுதே தமிழ் நிரல்விதியைக் குறித்து, வினவும்பொழுதும் அவ்விதியையே ஆளுதல் வேண்டும்.