படிப்பறைக்குள் வந்த ஒலி

பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்கினுள் புகுவதற்கு மலையைக் குடைய வேண்டியிருந்தது. 1895-இல் அணை கட்டி முடிந்த பின்னரே அது இயன்றது. பாட்டொலிக்கு அத்தகைய தடை ஏதும் இருந்ததில்லை. வான்வழியே வந்து எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து வானொலியில் அது இறங்கியது.

இன்றைய தேனி மாவட்டம் அப்பொழுது மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. அறுபதுகளில், ஊருக்கு ஒரு வானொலிப் பெட்டி என்பதே எங்கள் நிலை. அந்தி சாய்ந்ததும் பஞ்சாயத்துப் பணியாளர் அறையைத் திறப்பார்; ஒலிபெருக்கி பேசத் தொடங்கும். செய்தியும் வேளாண்மைப் பேச்சும் பாட்டும் முடிந்து, ஒன்பது மணி வாக்கில் அவர் பூட்டிக்கொண்டு போய்விடுவார். பிறகு எங்களுக்குப் புத்தகத்தை விட்டால் வேறு கதியில்லை. அந்தப் பூட்டின் அருமை அன்று தெரியவில்லை.

பூட்டை உடைத்தது டிரான்சிஸ்டர். 1952-க்குப் பின் சில ஆண்டுகள் நம் வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபொழுது, இலங்கை வானொலி தமிழகத்து நேயர்களைத் தன்பால் இழுத்துக்கொண்டது. 1957-இல் விவித பாரதி தொடங்கிய பின்னரும் எங்கள் பக்கத்தில் கொழும்பின்மீது கொண்ட மோகம் தணியவில்லை. (இந்த நிலையத்திலிருந்தே இதைச் சொல்வதை நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.) 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. பண்ணைப்புரத்து இளையராஜாவின் இசை. எங்கள் மண்ணின் மெட்டு கடல் கடந்து போய்த் திரும்பி வருவதுபோல் இருந்தது. அப்பொழுது நான் கல்லூரி மாணவன். தலையணைக்கடியில் டிரான்சிஸ்டர், நெஞ்சின்மேல் கணக்குப் புத்தகம். விளைவைச் சொல்லவும் வேண்டுமோ? அடுத்த ஏப்ரல் தேர்வில் கணக்கில் தவறினேன்.

என் தந்தையார் வையவில்லை. மறுநாள் மாலை முதல் அந்தப் பெட்டியைத் தோட்டத்துப் பம்புசெட் அறைக்குக் கொண்டுபோய்விடுவார். விடிந்த பிறகே அது வீடு திரும்பும். சில நாட்கள் என் கை தலையணையைத் துழாவிற்று, பின்பு மறந்தது. மறுதேர்வில் தேறினேன்.

எழுத்தறிவு குறைந்த அம்மனிதர் செய்ததை 2017-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு எனக்கு நினைவூட்டியது. ஏறத்தாழ 800 பேரிடம் கைபேசியை மேசைமேலோ, பையிலோ, வேறு அறையிலோ வைக்கச் சொல்லிச் சோதித்தார்கள். அது ஒலிக்காதிருந்தும், வேறு அறையில் வைத்தவர்களே மேசைமேல் வைத்தவர்களைவிடச் சிறப்பாகச் செய்தனர். பின்வந்த ஆய்வுகள் யாவும் இம்முடிவையே தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மராட்டியத்தில் சாங்லி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று, மோகித்யாஞ்சே வட்காவ், 2022-இல் பூட்டையே மீண்டும் கொண்டுவந்தது. மாலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும்; எட்டரை வரை தொலைக்காட்சியும் கைபேசியும் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது ஊரார் முடிவு.

ஆனால் டிரான்சிஸ்டர் பாட்டு மட்டும் பாடிற்று. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபொழுது பாடமே கைபேசிக்குள் போயிற்று. "தாத்தா, இதை எடுத்து வைத்துவிட்டால் எதைப் படிப்பது?" என்று என் பேரன் கேட்டபொழுது எனக்கு உடனே விடை வரவில்லை. இப்பொழுது மாலையில் அன்றைய பாடத்தை அவன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறான்; ஏழு மணிக்கு அவன் கைபேசியும் என் கைபேசியும் அடுப்படி அலமாரிக்குப் போகின்றன. கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாட்களில் இடையில் எழுந்துபோய் அலமாரியைத் திறப்பவன் அவன் அல்லன்.